பள்ளிப் பிள்ளைகளின் பூச்சியும் சோகையும்: சிஸ்டருக்கு ஒரு பீரியட் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 10 நெருங்கிவிட்டது. தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று மும்பை மாநகராட்சிப் பள்ளிகளிலும் பால்வாடிகளிலும் பதாகை கட்டுவார்கள். தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், சீத்தா கேம்ப், மால்வணி என்று தமிழர்கள் கூடி வாழும் இடங்களிலெல்லாம் 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். அன்று விட்டுப்போனவர்களுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் உண்டு. 2015 பிப்ரவரியில் தொடங்கி, இப்போது பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிற திட்டம் இது. மாத்திரை நல்ல மாத்திரை. தவறாமல் போடச் சொல்லுங்கள் என்பதே எங்கள் முதல் வார்த்தை. ஆனால் பதாகையை அவிழ்த்த மறுநாளே பேச்சு அடங்கிவிடுகிறது. பூச்சி எப்படி வயிற்றுக்குள் போனது, மறுபடி போகாமல் இருக்க என்ன செய்வது, பிள்ளை ஏன் வெளுத்துச் சோர்ந்து கிடக்கிறது என்று உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லை. அந்த ஆள் பள்ளிக்கு வருகிற சிஸ்டராக, அதாவது செவிலியராக இருக்க வேண்டும், அவருக்கென்று கால அட்டவணையில் ஒரு பீரியட் இருக்க வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை. அன்றைக்குக் குடலில் இருக்கிற புழுவைச் சர்க்கரை உறிஞ்சவிடாமல் பட்டினி போட்டுக் கொல்கிறது. ஓரிரு நாளில் மருந்து உடம்பைவிட்டு வெளியேறிவிடும். அதன்பின் வாய்வழியாக உள்ளே போகிற முட்டைக்கு அது காவல் நிற்காது. நாக்குப்பூச்சி என்று நாம் சொல்கிற உருண்டைப்புழுவில் ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். இட்டவுடனே அந்த முட்டை தொற்றுவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்தபின்தான் தொற்றும் பருவத்துக்கு வரும். மும்பையின் ஜூன், ஜூலை மண் அதற்கு வேண்டிய இரண்டையும் தாராளமாகக் கொடுக்கிறது. முட்டையின் ஓடு கெட்டியானது. நிழலும் ஈரமும் இருந்தால் ஆண்டுக்கணக்கில்கூடத் தாங்கும். தண்ணீரில் போடுகிற குளோரின் மாத்திரைக்கு அது சாகாது. தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் சாகும்.

முட்டை சாக்கடைக்கு எப்படி வருகிறது? பெரியவர்கள் சண்டாஸுக்கு, அதாவது பொதுக் கழிப்பறைக்குப் போகிறார்கள். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வரிசையும் இருட்டும் ஒத்துவராது. வாசலில் காகிதம் விரித்து உட்கார வைத்து, காகிதத்தைச் சுருட்டிச் சாக்கடையில் வீசுவது கல்லிக்குக் கல்லி (சந்துக்குச் சந்து) நடப்பதுதான். 'பச்சைப் பிள்ளையின் மலம்தானே, அதில் என்ன கெடுதல்' என்ற நினைப்பு நல்ல தாய்மார்களிடமும் இருக்கிறது. உண்மையில் அந்த வயதுக் குழந்தைகள்தான் கண்டதை வாயில் வைக்கிறவர்கள். அவர்கள் மலத்தில் முட்டை இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பெருமழையில் சாக்கடை பொங்கினால் காகிதத்தில் இருந்தது கல்லி முழுக்கப் பரவுகிறது. பந்து அதில் உருளுகிறது, செருப்பு அதில் மிதிக்கிறது, செருப்பு கோலிக்குள் (ஒற்றை அறை வீட்டுக்குள்) வருகிறது. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் மலச்சட்டி வாங்கி, அதில் இருக்கச் செய்து, சண்டாஸில் கொட்டி, சட்டியைக் கழுவிய நீரையும் அங்கேயே ஊற்றி, கையை சோப்புப் போட்டுக் கழுவினால் இந்தச் சங்கிலி அங்கேயே அறும். இதை மராத்திப் போஸ்டரில் அச்சடித்து ஹெல்த் போஸ்ட் (மாநகராட்சியின் சிறு சுகாதார நிலையம்) சுவரில் ஒட்டினால் போதாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு அவள் பேசுகிற தமிழில், கையில் அந்தச் சட்டியை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

கொக்கிப்புழு வேறு ரகம். அது வாய்வழி மட்டும் வருவதில்லை. மண்ணில் நெளியும் இளம்புழு வெறும் காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். துளைத்த இடத்தில் சில நாள் அரிப்பும் சிறு கொப்புளமும் இருக்கும். மும்பையின் சிமென்ட் கல்லிகளில் இது குறைவுதான். ஆனால் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் ஒரு மாதம் வயலிலும் தோப்பிலும் வெறுங்காலோடு ஓடிவிட்டு ஜூன் நடுவில் பள்ளி திறக்கும்போது திரும்புகிறார்கள். புழு குடலில் ஒட்டி வளர்ந்து முட்டையிட ஐந்து முதல் ஒன்பது வாரம் ஆகும் என்பதால் ஆகஸ்ட் மாத்திரை இவர்களுக்கு மிகவும் முக்கியம். இந்தப் புழு குடற்சுவரைக் கடித்துத் தொங்கி ரத்தம் குடிப்பது. இனத்தைப் பொறுத்து ஒரு புழு நாளுக்கு 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர் வரை ரத்தத்தை வீணாக்கும். கேட்கச் சொற்பமாக இருக்கிறது. நூறு புழு, பல மாதம், அதுவும் ஏற்கெனவே இரும்புச்சத்து குறைந்த பிள்ளை என்று கூட்டிப் பாருங்கள். ஊருக்குப் புறப்படும் பையில் ஒரு ஜோடி செருப்பை எடுத்து வைக்கும்படி ஏப்ரல் மாதமே வகுப்பில் சொல்ல வேண்டும்.

ராத்திரியானால் ஆசனவாயில் அரிப்பு, தூக்கமில்லை, காலையில் எரிச்சல் என்றால் அது கீரிப்பூச்சி. பெண்பூச்சி இரவில் வெளியே வந்து அங்கே முட்டையிடுவதால்தான் அந்த அரிப்பு. சொறிந்த நகத்தில் முட்டை, நகத்திலிருந்து பாய், போர்வை, தம்பியின் கை. பத்துக்குப் பத்து கோலியில் ஆறு பேர் ஒரே விரிப்பில் படுக்கிற வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் மூன்றே வாரத்தில் பழைய கதை திரும்பும். டாக்டர் சொல்லும் அளவில் வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே நாளில் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். காலையில் எழுந்ததும் அடிப்பகுதியைக் கழுவி உள்ளாடையை மாற்றுவதும், விரிப்பைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுவதும் மருந்தில் பாதி. சாட்டைப்புழுவுக்கு ஒரு வேளை அல்பெண்டசோல் போதிய அளவு வேலை செய்வதில்லை. ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிக்கும் ஒரு வேளை மாத்திரை பற்றாது; எண்ணெய்ப்பசையோடு மிதக்கும் மலம், வயிற்று உப்புசம், உடம்பு தேறாமை என்றால் மலப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 'மாத்திரை போட்டாச்சே, இன்னும் ஏன் வயிற்றுவலி' என்று கேட்கும் தாய்க்கு இந்தப் பதிலைச் சொல்லத் தெரிந்தவர் ஆசிரியர் அல்ல, சிஸ்டர்தான். இனிப்பு தின்றால் பூச்சி வரும், பல்லை நறநறவென்று கடித்தால் பூச்சி என்று வீடுகளில் சொல்வது இரண்டும் சரியல்ல என்பதையும் அவர் சொல்லலாம். வேப்பங்கொழுந்து கொடுக்கும் பாட்டியைக் கடிந்துகொள்ள வேண்டாம். அதைக் காரணம் காட்டி மாத்திரையை மட்டும் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

மாத்திரை கொடுக்கும் நாளில் நடக்கிற பிழைகளுக்கு வருகிறோம். ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை. அதற்குமேல் முழு மாத்திரை. மூன்று வயது வரை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்துப் பொடியாக்கித் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. பெரிய பிள்ளைகள் மென்று விழுங்க வேண்டும். பலர் கடவாயில் ஒதுக்கிவைத்து, மைதானத்தில் துப்பிவிடுகிறார்கள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தபின்தான் பதிவேட்டில் டிக் போட வேண்டும். 'தங்கச்சிக்கும் ஒன்று' என்று கையில் கொடுத்தனுப்பவே கூடாது. காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்கு அன்று வேண்டாம். அடுத்த வாரப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். வலிப்பு வந்த பிள்ளை, வேறு நோய்க்குத் தொடர்ந்து மருந்து சாப்பிடும் பிள்ளை என்றால் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். வயிற்றில் பூச்சி அதிகமுள்ள பிள்ளைக்கு மாத்திரை போட்டபின் லேசான வயிற்றுவலியோ குமட்டலோ வாந்தியோ வரலாம். இதை முந்தின வாரமே வகுப்பில் சொல்லியிருந்தால் யாரும் பதறுவதில்லை. சொல்லாத பள்ளியில் ஒரு பெண் வாந்தியெடுத்ததும் பின்னால் இருபது பேர் வயிற்றைப் பிடிக்கிறார்கள், அரைமணியில் பெற்றோர் வாசலில் கூடிவிடுகிறார்கள், அடுத்த முறை பாதிப் பேர் மாத்திரைக்கே வருவதில்லை. நிழலில் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி அந்த ஒரு பீரியட். முப்பத்தைந்து நிமிடத்தில் செய்யக்கூடியது. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் குழைத்து ஆறு பிள்ளைகளின் இரண்டு கைகளிலும் பூசச் சொல்லுங்கள். விரல் நுனியிலும் நன்றாகப் படட்டும். முதல் இருவர் வாளியில் கை முக்கி எடுக்கட்டும். அடுத்த இருவர் ஓடுகிற தண்ணீரில் மட்டும் கழுவட்டும். கடைசி இருவர் சோப்புப் போட்டு உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று இருபது எண்ணுகிற வரை தேய்த்துக் கழுவட்டும். ஆறு பேரும் ஆளுக்கொரு வெள்ளைத் துணியில் கையைத் துடைத்து மேசையில் விரிக்கட்டும். வகுப்பே எட்டிப் பார்க்கும். முதல் நான்கு துணியிலும் மஞ்சள் கொட்டிக் கிடக்கும். கடைசி இரண்டும் ஏறக்குறைய வெள்ளை. இங்கேதான் பாடம்: அந்தக் கடைசி இருவரில் நகம் வளர்த்த பிள்ளையின் விரலைத் தூக்கிக் காட்டுங்கள். நகத்துக்கும் சதைக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று நிற்கும். சோப்புப் போட்டும் போகாத கோடு. பூச்சி முட்டை இருக்கிற இடம் அதுதான் என்று சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். வேறு விளக்கம் தேவையில்லை. அதே நிமிடத்தில் நகவெட்டியை எடுத்து வரிசையாக வெட்டிவிட வேண்டும்; 'வீட்டில் போய் வெட்டிக்கொள்' என்று அனுப்பினால் நடக்காது.

சோப்பு எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பல பள்ளிகளில் அது அலமாரியில், பூட்டுக்குள் இருக்கிறது. வெளியே வைத்தால் தொலைகிறது என்பார்கள். உண்மைதான், தொலையும். அதற்கு வழி இருக்கிறது. வெங்காயம் வருகிற வலைப்பையில் சோப்பைப் போட்டு முடிச்சிட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிடலாம். வலையோடு தேய்த்தாலே நுரை வரும். இன்னும் மலிவான வழி: ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 30 கிராம் துணி சோப்புத்தூளைக் கரைத்து, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டால் சோப்புத்தண்ணீர் பாட்டில் தயார். அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். கரைசலை அதற்குமேல் நீர்க்க விடக்கூடாது. தண்ணீர் வராத நேரத்துக்குக் குழாய் பொருத்திய மூடிய டிரம் ஒன்று வேண்டும். திறந்த டிரம்மில் நூறு பிள்ளைகள் கைவிட்டு அள்ளினால் அந்த டிரம்மே நோயைப் பரப்பும். சண்டாஸிலிருந்து வரும் வழியில் ஒன்று, கிச்சடி பரிமாறும் இடத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் சோப்பு இருந்தால் போதுமானது. மணி அடித்தபின் சாப்பாட்டுக்கு முன் ஐந்தே நிமிடம் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் கை கழுவாது. தலைமையாசிரியர் அந்த நேரத்தைப் பத்து நிமிடமாக்க வேண்டும்.

பூச்சி ஒரு பாதி என்றால் சோகை மறு பாதி. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்பிள்ளைகளில் 31.1 சதவீதம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 67.1 சதவீதம். ஐந்து ஆண்டுக்கு முந்தின கணக்கைவிட மூன்றுமே கூடியிருக்கின்றன. பூச்சி மாத்திரை மட்டும் போட்டு இதைத் தீர்க்க முடியாது. இரும்புச்சத்தும் சேர வேண்டும். 2018ல் வந்த அனீமியா முக்த் பாரத் (சோகையில்லா இந்தியா) திட்டப்படி 5 முதல் 9 வயது வரை வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை, அதில் 45 மில்லிகிராம் இரும்பு. 10 முதல் 19 வரை வாரம் ஒரு நீல மாத்திரை, 60 மில்லிகிராம். பல இடங்களில் திங்கள்கிழமை கொடுப்பது வழக்கம்.

அந்தத் திங்கள்கிழமை மாத்திரைதான் எங்களை அதிகம் வருத்துவது. பிள்ளை காலையில் வெறும் வயிற்றில், அல்லது ஒரு கட்டிங் சாயும் (அரை கிளாஸ் டீ) காரி பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டு வந்திருக்கும். முதல் பீரியடிலேயே மாத்திரையைக் கொடுத்தால் குமட்டும், வயிறு எரியும். அடுத்த வாரம் அந்த மாத்திரை ஜன்னல் வழியே போகும். மதியச் சாப்பாடு முடிந்து அரைமணிக்குள், தண்ணீரோடு, ஆசிரியர் கண்ணெதிரே விழுங்க வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். சாயா, பால் இரண்டும் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது வேண்டாம். சாயாவின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப்போடுகிறது, பாலின் கால்சியம் அதன் வழியை மறிக்கிறது. மலம் கறுப்பாகப் போகும் என்று முதல் நாளே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் 'குடலில் ரத்தம் போகிறது' என்று பயந்து தாயே நிறுத்திவிடுவாள். நல்ல தாய் அப்படித்தான் செய்வாள். அவள் மேல் குற்றமில்லை. முழுப் பட்டையைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவது மிகப் பெரிய தவறு. மிட்டாய் போலப் பளபளக்கும் அந்த மாத்திரையை வீட்டிலிருக்கும் இரண்டு வயதுக் குழந்தை பத்து விழுங்கினால் இரும்பு நஞ்சாகும், உயிர் போகலாம். அப்படி நேர்ந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் காலிப் பட்டையையும் எடுத்துக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ ஓட வேண்டும்.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். வாரம் ஒரு மாத்திரை என்பது சோகை வராமல் தடுப்பதற்கு. ஏற்கெனவே சோகை உள்ள பிள்ளைக்கு அது சிகிச்சை ஆகாது. டாக்டர் எடை பார்த்துத் தினமும் மருந்து எழுத வேண்டும். சோகை இருக்கிறதா என்பதை இமையைக் கீழே இழுத்துப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது, லேசான சோகை கண்ணுக்குப் பிடிபடாது. விரலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டில் ஹீமோகுளோபின் தெரிந்துவிடும். 5 முதல் 11 வயதில் 11.5 கிராமுக்குக் கீழே, 12 முதல் 14 வயதில் 12க்குக் கீழே, 15 வயதுக்கு மேல் பெண்ணுக்கு 12க்கும் ஆணுக்கு 13க்கும் கீழே என்றால் சோகை. எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் 8க்குக் கீழே வந்தால் அது கடுமையானது, அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனையிலும் பிழை உண்டு. குத்திய விரலைப் பிழிந்தால் ரத்தத்தோடு திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். ஸ்பிரிட் காயுமுன் குத்தினாலும் அப்படித்தான். நடுவிரல் அல்லது மோதிர விரலின் ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டுத் தானாக ஊறி வருகிற அடுத்த சொட்டை எடுக்க வேண்டும். மழைக்காலத்தில், ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப் இருக்கிற டப்பாவைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டு ஐம்பது பேரைப் பார்த்தால் ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் கெட்டு, வருகிற எண்ணை நம்ப முடியாது. ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும் மூடியைத் திறந்து உடனே மூடும் பொறுமை வேண்டும்.

தினமும் மருந்து சாப்பிட்டு ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் முதலில் மருந்து உண்மையிலேயே உள்ளே போகிறதா, சாயாவோடு போகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் தலசீமியா மைனர் (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு), பி12 குறைவு, மலேரியா போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும். இரும்பையே கூட்டிக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளிடம் சிஸ்டர் தனியே பேச வேண்டும். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் போகிறதா, ஒன்றிரண்டு மணிக்கொருமுறை பேட் மாற்ற வேண்டியிருக்கிறதா, காசைவிடப் பெரிய கட்டிகளாக விழுகிறதா என்ற மூன்று கேள்வியை ஆண் ஆசிரியர் கேட்க முடியாது. சிலேட்டுக்குச்சி, சாக்பீஸ், பச்சரிசி, விபூதி, மண் தின்கிற பிள்ளையை அடிக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைவில் அந்த ஆசை வருவது உண்டு. மண் தின்பதால் பூச்சியும் கூடவே சேர்கிறது. அடிக்குப் பதில் அந்தப் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பி விலை கொடுத்து வாங்குகிறார்கள். நூறு கிராம் பீட்ரூட்டில் இரும்பு 1 மில்லிகிராம்கூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. அந்தப் பணத்துக்கு ஈரல், கருவாடு, கேழ்வரகு, கீரை வாங்கலாம். இறைச்சி, மீனில் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேரும். தானியம், கீரையில் உள்ளது அவ்வளவு எளிதில் சேராது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் நன்றாகச் சேரும். பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி என்பது மதிய உணவு விதி. அந்தக் கிச்சடியின் மேல் அரை எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால் அதே சாப்பாட்டில் இருந்து கூடுதல் இரும்பு கிடைக்கும். முருங்கைக்கீரையைக் கழுவி வேகவைத்துத்தான் நாம் சாப்பிடுகிறோம், அதனால் கவலையில்லை. பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, வெள்ளரி, முள்ளங்கியை மட்டும் இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும்.

இவ்வளவையும் ஆண்டுக்கு ஒருமுறை வேனில் வந்து வகுப்பு வகுப்பாகப் பார்த்துவிட்டுப் போகிற ஆர்.பி.எஸ்.கே. (மத்திய அரசின் சிறார் நலப் பரிசோதனைத் திட்டம்) குழு சொல்லித்தர முடியாது. அவர்கள் பரிசோதித்துக் குறித்துக்கொடுப்பார்கள், அது அவர்கள் வேலை. 2020ல் வந்த பள்ளி ஆரோக்கியத் திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பாடம், தேர்தல் வேலை, கணக்கெடுப்பு என்று ஓடுகிற ஆசிரியரிடம் மருந்தளவையும் விரல் குத்தலையும் மாதவிடாய்க் கேள்வியையும் ஏற்றினால் அவர் பதிவேட்டை நிரப்புவார், அவ்வளவுதான். ஹெல்த் போஸ்டில் இருக்கிற சிஸ்டருக்கு மாதம் ஒரு வகுப்புக்கு ஒரு பீரியட் என்று எழுத்தில் ஒதுக்குங்கள். பூச்சி மாத்திரை நாளுக்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும் அவர் கட்டாயம் பள்ளியில் இருக்கட்டும். தாய்மார்களில் பலர் காலையிலேயே வீட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்பதால் பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். தமிழ் மீடியப் பிள்ளைகள் குறைந்து, தெருவுக்குத் தெரு முளைத்த சிறு ஆங்கிலப் பள்ளிகளுக்கு நம் பிள்ளைகள் போய்விட்டார்கள். வாராந்திர இரும்பு மாத்திரை அரசு, மாநகராட்சி, உதவிபெறும் பள்ளிகளுக்கானது. உதவி பெறாத அந்தச் சிறு பள்ளிகளின் பிள்ளைகள் திங்கள்கிழமை மாத்திரைக்கு வெளியே நிற்கிறார்கள். கட்டணம் கட்டுகிற வீடு என்பதால் அங்கே சோகை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தப் பள்ளிகளின் நிர்வாகிகள் பக்கத்து ஹெல்த் போஸ்டுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, மாணவர் எண்ணிக்கையையும் வகுப்புவாரி வயதையும் இணைத்துக் கொடுத்துச் சிஸ்டரை அழைக்க வேண்டும்.

தங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 10க்கு முந்தின ஞாயிறு இதழில் இந்த விவரங்களைப் பெரிய எழுத்தில் ஒரு கட்டமாகப் போட்டால், பள்ளிச் சுவரில் வெட்டி ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும். ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம் வழங்குகிற நம் சங்கங்கள் பல உண்டு. இந்த ஆண்டு ஜூன் போய்விட்டது; மாத்திரை நாளுக்கு ஐந்தாம் நாள் ஆகஸ்ட் 15, கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்குவீர்கள். மிட்டாயோடு வீட்டுக்கு ஒரு நகவெட்டியும் ஒரு சோப்பும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி ஆரோக்கியப் பணியில் உள்ள தமிழ்ச் செவிலியர்கள் சிலர்,
தாராவி, மும்பை